லிப்ட்காரர் கேட்ட கேள்விகள்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்வார்கள். அது முழு உண்மையாக இருந்தால் லிப்ட்காரர் எப்போதோ பட்டினி கிடந்திருக்க வேண்டும். ஐம்பத்து நான்கு வயது வரை அவர் பேசிய பேச்சையெல்லாம் கூட்டிக் கழித்தாலும், மற்றவர்கள் ஒரு ரயில் பயணத்தில் பேசித் தீர்ப்பதற்குக் காணாது. அவர் மனைவி பெரிய சலவைக்கடை ஒன்றில் இஸ்திரி மிஷின் பார்ப்பவள். "எங்க வீட்டுல பேச்சுத்துணை வேணும்னா நான் ரேடியோவைத்தான் போடணும்" என்பாள். அதைச் சொல்லும்போது பக்கத்தில் நிற்கும் லிப்ட்காரர் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டுவார்.

பிழைக்கப் போன வெளிநாட்டு ஊரில் பத்தொன்பது வருடமாக அவர் லிப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரி, ஆபீஸ், பழைய அடுக்குமாடி என்று எங்கே லிப்ட் நின்றாலும் நீலச் சட்டையும் இடுப்பில் சாவிக்கொத்துமாகப் போய் நிற்பார். எல்லோரும் மேடம் என்று கூப்பிடும் பெண்மணிக்கும் அவருக்கும் அறிமுகம் ஆனதே ஒரு மூடிய கதவின் வழியாகத்தான். மேடம் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனிஸ்ட். ஒரு நாள் காலை வேலைக்குப் போகும்போது மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிப்ட் நின்றுவிட்டது. அலாரத்தை அழுத்தி, கதவைத் தட்டி, தொண்டை கிழியக் கத்தி, ஒன்றும் நடக்காமல் கடைசியில் மேடம் அந்தக் கட்டடத்தையும் அதைக் கட்டியவனையும் தமிழில் திட்டிக்கொண்டிருந்தார். அப்போது கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் தமிழிலேயே கேட்டது.

"உள்ள லைட் எரியுதாங்க?"

"எரியுது. எப்ப திறப்பீங்க?"

"தெரியலங்க. பார்த்துட்டுச் சொல்றேன். உக்கார இடம் இருக்கா?"

கதவு திறக்க ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. அவ்வளவு நேரத்தில் அந்த மனிதர் 'இதோ ஆச்சு' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார். தரை என்ன நிறம், பையில் தண்ணீர் இருக்கிறதா, செருப்பைக் கழற்றினால் காலுக்கு நன்றாக இருக்குமா என்று இப்படி. கதவு திறந்தபோது மேடம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் மூட்டுவலியின் வரலாற்றை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அஞ்சு நிமிஷத்தில் திறந்துவிடும் என்று ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டதற்கு, லிப்ட்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பதில் சொன்னார்.

"அஞ்சு நிமிஷம்னு சொன்னா ஆறாவது நிமிஷத்துலேர்ந்து என்னை நம்ப மாட்டாங்க. தாங்களே கதவை நெம்பப் பார்ப்பாங்க. அடிபடறது அப்பதான்."

மேடம் விடுவாரா? வெளிநாடுகளில் இருக்கும் தமிழர்களுக்காக ஒரு தொலைபேசி உதவி மையத்தை அவர் ஆரம்பித்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. சம்பளம் கிடையாது, பெயர் கிடையாது, வாரத்தில் நான்கு மணி நேரம் போனில் உட்கார வேண்டும். லிப்ட்காரரைக் கையோடு பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

டிரைவிங் ஸ்கூல் ஒன்றின் மாடியில் உதவி மையத்தின் அறை. இரண்டு மேஜை, இரண்டு போன், ஒரு கெட்டில், சாயம் போன கார்ப்பெட். ஜன்னலுக்குக் கீழே கார் ஓட்டப் பழகுகிறவர்கள் பின்பக்கமாக வந்து வரிசையாகப் பிளாஸ்டிக் கூம்புகளைச் சாய்த்துக்கொண்டிருப்பார்கள். அழைப்பு எந்த நாட்டிலிருந்தும் வரும். வீட்டு வேலைக்கு வந்து பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்தவள் கூப்பிடுவாள். பரீட்சையில் தோற்றதை வீட்டுக்குச் சொல்ல வாய் வராத மாணவன் கூப்பிடுவான். கல்யாணமாகி வந்து மூன்று மாதமாக வாசலைத் தாண்டாத பெண், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அந்தச் சத்தத்தில் பேசுவாள். கூப்பிடுகிறவரின் நம்பர் இங்கே தெரியாது. அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தார்கள். இணைப்பு அறுந்தால் அறுந்ததுதான், திரும்பக் கூப்பிட வழியில்லை.

மேடம் விதிகளை எழுதி, அச்சடித்து, சுவரில் ஒட்டியிருந்தார். பெயர் கேட்கக் கூடாது. புத்திமதி கூடாது. அழாதே என்று சொல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, தடித்த எழுத்தில், முறை வைத்துக் கூப்பிடக் கூடாது. அண்ணன், தம்பி, அக்கா, கண்ணு, எதுவும் ஆகாது. "தம்பின்னு சொன்ன நிமிஷமே நாம பெரியவங்க ஆயிடறோம். அப்புறம் வாயில புத்திமதிதான் வரும். அவனும் சரிங்க சரிங்கன்னு அடங்கிப்போவான். உள்ள இருக்கறது உள்ளயே இருந்துடும்" என்பார் மேடம். சரியான பேச்சு, மறுக்க முடியாது. மற்ற தொண்டர்கள் முதுகுக்குப் பின்னால் அவரைச் சட்டப்புத்தகம் என்பார்கள். அது அவருக்கும் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

லிப்ட்காரர் மூன்று வருடம் வந்தார். பிறகு புகார் வர ஆரம்பித்தது. ஒரு பெண், "நான் அழுதுக்கிட்டு இருக்கேன், அவர் உங்க ரூம்ல ஜன்னல் எந்தப் பக்கம்னு கேக்கறாருங்க" என்றாள். இன்னொருவர், "பாதி நேரம் பேச்சே இல்ல, தூங்கிட்டாரோன்னு நினைச்சேன்" என்றார். மேடத்துக்கும் சந்தேகம் இருந்தது. நின்றுபோன லிப்ட் வேறு, நின்றுபோன மனசு வேறு இல்லையா? ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டாவது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பயிற்சிக்காக இன்னொருவரும் கேட்கலாம் என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பதிவுக் குரல் முன்கூட்டியே சொல்லிவிடும். அன்று கேட்டுப் பார்த்துவிட்டு, லிப்ட்காரரை மரியாதையாகக் கடிதம் அனுப்பும் வேலைக்கு மாற்றிவிடுவது என்பது மேடத்தின் திட்டம்.

இரண்டே கால் மணிக்கு முதல் அழைப்பு வந்தது. ஆண் குரல். பின்னால் பெரிய இரைச்சல்.

"சார், நான் மேல இருக்கேன்."

"எங்க மேல?"

"கிரேன்ல. கட்டடம் கட்டற கிரேன். நான் ஆபரேட்டர்."

"கேபின்ல தனியா இருக்கீங்களா?"

"ஆமா சார். கீழேர்ந்து கத்தறாங்க. வாக்கி டாக்கியோட சத்தத்தைக் குறைச்சிட்டேன்." கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும். "எறங்கப் பிடிக்கல. ஏணி வழியா எறங்கப் பிடிக்கல."

லிப்ட்காரர் குரலை உயர்த்தாமல் கேட்டார். "செத்துப்போயிடலாம்னு நினைக்கிறீங்களா?"

"ஆமா சார்."

மேடம் பேனாவை எடுத்தார். ஒரு தாளில் 'எந்த நாடு? எந்த இடம்?' என்று எழுதி நீட்டினார். லிப்ட்காரர் கேட்டார். அவன் சொல்ல மாட்டேன் என்றான். "சொன்னா போலீஸ் வரும். வேணாம் சார். யார்கிட்டயாவது தமிழ்ல பேசணும்னு தோணிச்சு, அதான். இங்க முந்நூறு பேர் வேலை செய்யறாங்க, தமிழ் ஆள் நான் ஒருத்தன்தான்."

"பேசுங்க. கேட்டுட்டுதான் இருக்கேன்."

"பேச என்ன இருக்கு? வீட்டுல ஒரு பொண்ணு இருக்கா. ஆறு வயசு."

அதோடு நிறுத்திவிட்டான். லிப்ட்காரரும் வாய் திறக்கவில்லை. கால் நிமிடம் போயிற்று, அரை நிமிடம் போயிற்று. காற்று மட்டும் ஊளையிட்டது. மேடத்துக்குத் தாங்கவில்லை. விதிகளை எழுதியவர் அவரே, அச்சடித்தவர் அவரே, சுவரில் ஒட்டியவரும் அவரே. அத்தனையும் அந்த அரை நிமிடத்தில் காற்றில் பறந்தது. தன் ஹெட்செட்டின் பேசும் பொத்தானை அழுத்தி உள்ளே புகுந்துவிட்டார்.

"தம்பி, அப்படியெல்லாம் பேசாதப்பா. உன் குழந்தை முகத்தை ஒரு நிமிஷம் நெனச்சுப் பாரு."

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். கேட்கக் கூடாத சிரிப்பு.

"நேத்து போன் பண்ணேம்மா. குழந்தைதான் எடுத்தா. 'அம்மா, அந்த போன் மாமா பேசறாங்க'ன்னு கூப்பிட்டுக் குடுத்தா. போன் மாமா. எட்டு மாசக் குழந்தையா விட்டுட்டு வந்தேன். அந்த முகத்தையா நெனைக்கச் சொல்றீங்க? அதுக்கு என் முகம் தெரியாதும்மா."

ஏதோ தாழ்ப்பாள் நகர்ந்தது. இரைச்சல் ஒரேயடியாகப் பெரிதாயிற்று. அவன் கேபின் கதவைத் திறந்துவிட்டான் என்று மேடத்துக்குப் புரிந்தது. திறக்க வைத்தது தான் என்பதும் புரிந்தது. பொத்தானிலிருந்து விரலை எடுத்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

லிப்ட்காரர் மேடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. முறைத்திருந்தால்கூட மேடத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு எதையோ உற்றுக் கேட்டார்.

"கொக்கியில என்ன தொங்குது?" என்றார்.

"என்ன சார்?"

"கொக்கியில சரக்கு இருக்கா, காலியா?"

"கம்பிக் கட்டு இருக்கு."

"கீழ ஆளுங்க நிக்கறாங்களா?"

"நாலஞ்சு பேர். அண்ணாந்து பார்த்துட்டு நிக்கறாங்க."

"காத்து பலமா இருக்கே. அது ஆடுமே."

இரும்பில் பூட்ஸ் உரசியது. இப்போது கீழே பார்க்கிறான் என்று மேடத்துக்கே தோன்றியது.

"ஆடுது சார்."

"முதல்ல அதை எறக்கி வெச்சிடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

உயிரை விடத் துணிந்தவனிடம் கம்பிக் கட்டைப் பற்றிப் பேசுகிறாரே என்று மேடம் பதறினார். ஆனால் இரைச்சல் சட்டென்று அடங்கியது. கதவைச் சாத்திவிட்டு அவன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டான். ஒரு மோட்டார் முனகத் தொடங்கியது. வாக்கி டாக்கியில் யாரோ புரியாத பாஷையில் கத்த, இவன் அதே பாஷையில் இரண்டு வார்த்தை பதில் சொன்னான். மனிதன் எவ்வளவு நொறுங்கிப்போனாலும் அவன் கைக்கு வேலை மறக்காது போலிருக்கிறது. கட்டு தரையைத் தொட ஆறு நிமிடம் பிடித்தது. அதை அவன் ஆள் மேல் படாமல் பதமாக இறக்கினான் என்பது மோட்டாரின் சத்தத்திலேயே தெரிந்தது.

"வெச்சாச்சு சார்."

"வேலை முடிஞ்சு போகும்போது மிஷினை எப்படி விட்டுட்டுப் போவீங்க?"

"கொக்கியை மேல ஏத்தணும். கொக்கி ஓடற ட்ராலியை உள்ள இழுக்கணும். அப்புறம் சுத்தற பிரேக்கை எடுத்து விட்டுடணும்."

"பிரேக்கைப் போட்டுல்ல வெக்கணும்?"

"இல்ல சார், உங்களுக்குத் தெரியாது." குரலில் முதல் தடவையாக ஒரு தெம்பு. "பிரேக் போட்டா காத்தை எதிர்த்து நிக்கும், சாஞ்சிடும். எடுத்து விட்டா காத்து தள்ளற பக்கம் தானா திரும்பிக்கும். ஒண்ணும் ஆகாது."

"சரி. நீங்க செய்யுங்க."

லிப்ட்காரருக்கு அது தெரியாதா என்ன என்று மேடம் அவர் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கை வேலையில் இருந்ததாலோ என்னவோ, அவனுக்கு வாய் திறந்துகொண்டது. கொக்கியை ஏற்றிக்கொண்டே அம்மாவைப் பற்றிச் சொன்னான். நான்கு மாதத்துக்கு முன்னால் இறந்துபோனாள். மூன்று தடவை விடுப்புக் கேட்டும் கட்டடம் முடியட்டும் என்றுவிட்டார்கள். கடைசியாக அவள் முகத்தைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தபோது சிக்னல் போய்விட்டது. திரும்பச் சிக்னல் வந்தபோது எடுத்துக்கொண்டு போயாகிவிட்டது, பந்தல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ரூமில் இருக்கும் ஆறு பேருக்கும் அவன் பாஷை தெரியாது. லிப்ட்காரர் நடுவில் ஒரு 'அடடா' கூடப் போடவில்லை. ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருந்தது பக்கத்தில் இருந்த மேடத்துக்குத் தெரிந்தது. ஒரு ஆள் இவ்வளவு முழுசாகக் கேட்டு மேடம் அதுவரை பார்த்ததில்லை. சொல்பவனுடைய ஒவ்வொரு வார்த்தையும் லிப்ட்காரரின் உடம்பில் எங்கோ போய் உட்கார்ந்தது.

"பிரேக்கை எடுத்தாச்சு சார்."

"ஏணியில நின்னு இளைப்பாற எத்தனை தட்டு?"

"பதினொண்ணு."

"மேல் தட்டுல உக்கார இடம் இருக்கா?"

"இருக்கு."

"அது வரைக்கும் வாங்க. அங்க உக்காந்து மேற்கொண்டு யோசிக்கலாம்."

கீழே ஜன்னலுக்கு வெளியே யாரோ கூம்பின் மேல் காரை ஏற்றினார்கள். அந்தச் சத்தத்தில் மேடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சரி சார்."

"கீழ இருக்கறவங்ககிட்ட வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. போனைச் சட்டைப் பையில வெச்சுக்கோங்க, ரெண்டு கையும் ஏணியில இருக்கட்டும். பேச வேணாம். எனக்குக் கேக்கும்."

அவன் வாக்கி டாக்கியில் ஏதோ சொன்னான். கத்தல் நின்றது. பிறகு இரும்பின் மேல் பூட்ஸ் கால் படும் சத்தம். டங். கொஞ்சம் இடைவெளி. டங்.

அப்போதுதான் மேடம் மேஜைக்கு அடியில் பார்த்தார். லிப்ட்காரரின் கால்கள் நகர்ந்துகொண்டிருந்தன. வலது கால் ஒரு விரற்கடை இறங்கும், பிறகு இடது கால். ஒவ்வொரு டங்குக்கும் ஒன்று. கைவிரல்கள் மேஜை விளிம்பைப் பிடித்து விட்டு, கொஞ்சம் கீழே தள்ளி மறுபடி பிடித்தன. நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. அந்த மனிதர் அறையில் இல்லை. பெயர் தெரியாத நாட்டில், முகம் தெரியாத ஒருவனுக்கு ஒரு படி கீழே, அவனுக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார். மேடத்துக்குக் கும்பிடத் தோன்றியது, அதைத்தான் சொல்ல வேண்டும். கடிதம் அனுப்பும் வேலைக்கு மாற்ற நினைத்தது இந்த ஆளைத்தான்.

"பதினொண்ணு" என்றது பையிலிருந்து ஒரு குரல்.

"உக்காந்துக்கோங்க. மூச்சு வாங்கிட்டு அடுத்ததுக்கு வரலாமா?"

"வரேன்."

பத்து. ஒன்பது. எட்டு. ஏழு. ஒவ்வொரு தட்டிலும் அவன் எண்ணைச் சொன்னான், லிப்ட்காரர் உக்காந்துக்கோங்க என்றார், வேறு பேச்சில்லை. ஆறாவது தட்டில் எண்ணைச் சொல்லவில்லை. இரும்புச் சத்தம் நின்றது. அப்புறம் அழுகை வந்தது, ஆண்பிள்ளைகள் ஒளித்து வைத்து ஒளித்து வைத்து ஒரு நாள் வருமே, அந்த அழுகை. பதினெட்டு நிமிடம் அழுதான். மேடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாக்கின் நுனி வரை வந்த ஆறுதல் வார்த்தைகள் ஒவ்வொன்றையும் விழுங்கினார். லிப்ட்காரர் இரண்டு தடவை 'இருக்கேன்' என்றார், அவ்வளவுதான். அவர் கால்கள் ஆறாவது தட்டிலேயே நின்றன.

மூக்கை உறிஞ்சும் சத்தம். டங்.

ஐந்து. நான்கு. கடைசித் தட்டுகளில் கீழே ஆட்களின் குரல் கேட்க ஆரம்பித்தது. இரண்டு. ஒன்று. பூட்ஸ் மண்ணில் பட்ட சத்தம் இரும்பில் பட்டதைப் போல இல்லை. மொத்தென்று இருந்தது. யாரோ ஓடி வந்தார்கள். இவ்வளவு நேரம் வாக்கி டாக்கியில் கத்திய அதே குரல் இப்போது மெதுவாக ஏதோ சொன்னது. பாஷை புரியவில்லை, ஆனால் திட்டவில்லை என்பது புரிந்தது. பாட்டில் மூடி திருகும் சத்தம். அவன் மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தான். முழு பாட்டிலையும் குடித்து முடிக்கும் வரை இங்கே இரண்டு பேரும் மூச்சு விடாமல் கேட்டார்கள். மணி நாலரை.

போனைப் பையிலிருந்து எடுத்தான் போலிருக்கிறது. குரல் கிட்டத்தில் கேட்டது.

"எறங்கிட்டேன் சார்."

லிப்ட்காரர் பேசவில்லை.

"சார்? இருக்கீங்களா?"

மேடம் திரும்பிப் பார்த்தார். லிப்ட்காரரின் இரண்டு உள்ளங்கைகளும் மேஜை மேல் மல்லாந்து கிடந்தன. முகம் முழுக்க நனைந்திருந்தது. வாய் திறந்தது, குரல் வரவில்லை. மறுபடி திறந்தது, அப்போதும் வரவில்லை. தலையை ஆட்டினார். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்?

"சார்?"

மேடம் பொத்தானைப் பார்த்தார். ஒரு தடவை அதை அழுத்தியதில் என்ன ஆயிற்று என்பது அவருக்கு மறக்கவில்லை. ஆனாலும் அவன் அங்கே காத்துக்கொண்டிருந்தான். அழுத்தினார்.

"இருக்கார். அவரால பேச முடியல. அழுதுட்டு இருக்கார்."

அவன் கேட்டான், தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று விசாரிக்கிறவனைப் போல, மெல்ல.

"எனக்காகவா?"

"வேற யாருக்காக?" என்றார் மேடம். "உங்களுக்காகத்தான்."